அகதிப் பெண்ணுக்கு வைத்தியம்: பதிவேடு குறுக்கே நிற்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பாடுபடும் பெண்ணுக்கு நோய் கண்டால் முதலில் எழும் கேள்வி "என்ன செய்கிறது அம்மா?" என்பதல்ல, "இ.எஸ்.ஐ. நம்பர் என்ன?" என்பதே. வேலையில் சேர்ந்த நாள் முதலே அவளுக்கு வைத்திய உரிமை உண்டு. காண்ட்ராக்டர் நம்பர் வாங்கித் தராமல் இழுத்தடித்தால் அந்த உரிமை காகிதத்தோடு சரி. இந்த அனுபவம் உள்ள நமக்கு, கடல் கடந்து வந்த ஈழத்துச் சகோதரிகளின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

2022-ல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. அரிசிக்கும் பால் மாவுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் அலைந்தார்கள். மார்ச் 22 அன்று 16 பேர் படகேறி ராமேஸ்வரம் பக்கம் கரை சேர்ந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாயும் உண்டு. அவர்களை வரவேற்றது என்ன? போலீஸ் வழக்கு! மண்டபம் முகாம் அதற்குப் பிறகுதான். அடுத்த ஜூன் கடைசியில் கோதண்டராமர் கோயிலருகே கடற்கரையில் வயதான தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். அந்த மூதாட்டி மதுரை அரசு ஆஸ்பத்திரியில் உயிர்விட்டார்.

மாநில சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2021 ஆகஸ்டில் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு இல்லை. நல்லதே. ஆனால் இதெல்லாம் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு. 2022-ல் வந்தவர்களோ பல மாதம் அகதிகளாகவே பதிவாகவில்லை. சோறு கிடைத்தது, ரொக்க உதவி கிடைக்கவில்லை. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கவும் பஸ் ஏறவும் காசு வேண்டாமா?

குற்றத்தின் பெரும்பங்கு டில்லியுடையது. 1951-ம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று சொந்தச் சட்டமும் இயற்றவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு உத்தரவும், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கே. பிரசவ வலி இந்தத் தேதி பார்த்தா வருகிறது?

"நமக்கே மருந்து இல்லை, அகதிக்கு எங்கே போவது?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் பெண் நிற்கும் அதே வரிசையில்தான் அவளும் நிற்கிறாள். டாக்டர் பதவியைக் காலியாக வைத்திருப்பது அகதியல்ல.

கரையிறங்கிய அன்றே, பதிவுக்குக் காத்திராமல், பெண் டாக்டர் பார்க்க வேண்டும். கர்ப்பிணியின் பெயர் கிராம நர்ஸின் கணக்கில் உடனே ஏற வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றுக்கே திண்டாட்டம். முகாமில் தணிக்கை நாள் என்று பயந்து எந்தத் தாயும் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடும் நிலை இருக்கக்கூடாது.

நம் ஆலை வாசலிலும் வேலை இருக்கிறது. இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பளத்தை, 21,000 ரூபாய் வரை. பிரஜா உரிமையை அல்ல. முகாமிலிருந்து வந்த பெண் காண்ட்ராக்டில் வேலை செய்தால், அவள் சந்தாவுக்கு ஆலை முதலாளியே பொறுப்பு. அவளுக்கு நம்பர் வந்ததா என்று சங்கக் கிளைகள் இந்த மாதமே விசாரிக்கட்டும்.