இன்னும் கொஞ்சம் பூசுங்கண்ணா

எங்க டிராக்டர் இன்ஜினை இந்த வருஷம் ரெண்டு தடவை பிரிச்சோம். முதல் தடவைக்கு நியாயம் இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் உழைச்ச வண்டி, நீலப் புகை தள்ளுச்சு, ஆயில் குடிச்சுது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தினோம். ரெண்டாவது தடவை பிரிச்சதுக்குக் காரணம் ஒரு டியூப் பேஸ்ட்டும் ஒரு சுருள் வெள்ளை டேப்பும்தான். கார் மட்டும் வச்சிருக்கிற டவுன்காரங்களும் படிங்க. உங்க வண்டிக்குள்ளயும் இதே சமாச்சாரங்கள்தான் இருக்கு.

ஆடி மழை நல்லா இறங்கி, கடலை போட உழவு ஓட்டிட்டு இருந்தோம். மூணாம் நாள் மத்தியானம் இன்ஜின்ல இருந்து டொக் டொக்னு ஒரு சத்தம். நிறுத்தி சம்ப்பைக் கழட்டிப் பார்த்தா, ஆயில் உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் ஜல்லடை முழுக்க சாம்பல் நிறத்துல ரப்பர் துணுக்கு. புழு மாதிரி நீள நீளமா ஒட்டிக் கிடந்துச்சு. சம்ப் மாட்டறப்ப பூசின சிலிக்கான் பேஸ்ட் அது. பம்புக்கு ஆயில் போகல, பேரிங் தேஞ்சு கிராங்க்கும் கோடு விழுந்துடுச்சு.

பேஸ்ட்டு மேல தப்பில்லை. அந்த சிலிக்கான் காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்து ரப்பரா இறுகும். ரெண்டு, மூணு மில்லி கனத்துல ஒரே கோடா, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி இழுத்தாப் போதும். போல்ட்டை இறுக்கறப்ப வெளிய எவ்வளவு பிதுங்குதோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளயும் பிதுங்கும். வெளிய பிதுங்கினதை விரலால வழிச்சு எடுத்துடலாம். உள்ள பிதுங்கினதை யார் எடுக்கிறது? சூடான ஆயில்ல ஊறி, என்னைக்காவது ஒருநாள் பிஞ்சு விழும். அதுவும் எங்க சம்ப்புக்கு கார்க் பேக்கிங் (கேஸ்கட்டை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) தனியாவே இருந்துச்சு. அதுக்கு மேலயும் கீழயும் அப்பினது தோசைக்கு ஊத்தற நெய் மாதிரி.

அப்பச் சொன்னது யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். மெக்கானிக் அண்ணன் அளவாத்தான் இழுத்தார். பக்கத்துல நின்னுகிட்டு, "இன்னும் கொஞ்சம் பூசுங்கண்ணா, ஒழுகக்கூடாது"ன்னு சொன்னேன்.

என்னோட வாதமே இதுதான். நாம மெக்கானிக்கோட வேலையை அளக்கிறது தரையைப் பார்த்து. ஒரு சொட்டு ஆயில் கீழ கிடந்தா வண்டியைத் திருப்பிக் கொண்டு போய் சத்தம் போடுவோம். உள்ள அடைச்சு ஆறு மாசம் கழிச்சு பேரிங் போனா, ஆயில் சரியில்லை, பார்ட்ஸ் சரியில்லைன்னு போயிடும். அப்புறம் எந்த மெக்கானிக் அளவாப் பூசுவார்?

இனி டேப்பு கதை. ஆயில் பிரஷர் சுவிட்ச்சோட மரையில தண்ணிக் குழாய்க்குச் சுத்தற வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தடிமனாச் சுத்தியிருந்தாங்க. அது ஒத்தை ஒயர் சுவிட்ச். இன்ஜின் இரும்பைத் தொட்டாத்தான் அதுக்கு எர்த் கிடைக்கும். டேப் நடுவுல நின்னதுல பிரஷர் இறங்கினப்பவும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. அதை நான் முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கணும். சாவியைத் திருப்பினதும், இன்ஜின் ஓடறதுக்கு முன்னாடி அந்த விளக்கு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். நம்மாளுங்க யாரு அதைப் பார்க்கிறோம்? நாளைக்குக் காலைல உங்க கார்ல பாருங்க. மரையில இறுகற பேஸ்ட் தனியா வருது. முதல் ஒண்ணு ரெண்டு மரையை விட்டுட்டு அதைப் பூசணும். டேப் கிழிஞ்சு துண்டு உள்ள போனா, சின்ன ஆயில் வழியை அடைக்க அதுவே போதும்.

போல்ட் கழலாம இருக்கப் போடற சிவப்பு, நீலத் திரவம் வேற சமாச்சாரம். அது பூட்டு. சிவப்பை ஒழுகலுக்குன்னு ஊத்திட்டா, அப்புறம் கழட்ட தீயைக் காட்டித்தான் ஆகணும்.

ரெண்டு பக்கமும் மட்டமா மெஷின் பண்ணின இரும்பு முகங்களுக்கு நடுவுல, காத்து இல்லாத இடத்துல மட்டும் இறுகற பேஸ்ட் ஒண்ணு இருக்கு. உள்ள பிதுங்கினது இறுகாம ஆயிலோட கரைஞ்சு போயிடும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா தகடு சம்ப்புக்கும் பெரிய இடைவெளிக்கும் அது ஆகாது. ஹெட் கேஸ்கட்டுக்கு, மேனுவல் சொல்லாத வரைக்கும், எதுவுமே பூசக்கூடாது. காய்ஞ்ச முகம், சரியான டார்க், அவ்வளவுதான். ஹெட் வளைஞ்சிருந்தா மட்டம் அடிக்கணும். பேஸ்ட் அப்பி அதை மறைக்க முடியாது. தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள இறங்கற ஹெட் போல்ட் இருந்தா, அதோட மரைக்கு மட்டும் சீலன்ட் வேணும். பெட்ரோல் கார்க்காரங்க டியூப்ல சென்சாருக்குப் பாதகமில்லைன்னு போட்டிருக்கான்னும் பார்த்து வாங்குங்க. சில சிலிக்கான்ல இருந்து வர்ற ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துடும்.

கிராங்க்கைக் கிரைண்டிங் கொடுத்து, பேரிங் வாங்கி மறுபடி பூட்டறதுக்குள்ள பன்னெண்டு நாள் ஆச்சு. மண்ணு காய்ஞ்சு போச்சு. பாதிக் காட்டை வாடகை டிராக்டர் வச்சு உழுதோம், மீதி அடுத்த மழைக்குத்தான்.

இந்தத் தடவை அண்ணன் பழைய பேஸ்ட்டையெல்லாம் சுரண்டி, தின்னர்ல துடைச்சு, கார்க்கைக் காய்ஞ்சபடியே வச்சார். முன்பக்க மூடியும் பிளாக்கும் சேர்ற ரெண்டு மூலையில மட்டும் உளுந்தளவு பேஸ்ட். வேலை முடிஞ்சது சாயங்காலம். ஆயிலை நாளைக்கு ஊத்திக்கலாம், ராத்திரி பூரா காயட்டும்னார். "ஏப்பா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"ன்னு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா கேட்டார். நான் எதுவும் சொல்லாம சாவியை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிஞ்சுது.