எதைவிட மேம்பட்டது? மாணவர் ஏ.டி.வி.களும் அளவீடற்ற 'மேம்பாடும்'

மத்தியப் பிரதேசத்தில் இந்தூரை அடுத்த பீதம்பூரில் 2007-இல் தொடங்கியது பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி. நாடெங்கிலுமுள்ள பொறியியல் மாணவர்கள் கல், சேறு, மேடு, பள்ளம் என எல்லாத் தரையிலும் ஓடக்கூடிய ஒற்றை இருக்கை வாகனமொன்றைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, நான்கு மணி நேர நெடுந்தாங்கு ஓட்டத்தில் நிறுத்த வேண்டும். அப்போட்டி பல்லாண்டுகள் கடைப்பிடித்த விதி ஒன்று சிந்தனைக்குரியது: எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின், அதில் எவரும் கை வைக்கலாகாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் 305 சி.சி., 10 குதிரைத்திறன் எஞ்சின் அது. நிமிடத்துக்கு 3,800 சுழற்சிக்கு மேல் போகாதபடி கவர்னர் அதனைக் கட்டிவைத்திருக்கும். வாகனம் விரைந்தோட வேண்டுமெனில் எஞ்சினுக்கு வெளியே உள்ள அனைத்திலும் மூளையைச் செலவிட்டாக வேண்டும்.

செலவைக் கட்டுப்படுத்தவும் போட்டியைச் சமமாக்கவும் வந்த விதி என்றே பலரும் இதனை வாசிக்கின்றனர். அதற்குள் ஒரு கல்விக் கொள்கையும் உண்டு: ஒன்றை மாற்றுவதற்கு முன் அதனைப் புரிந்துகொள். ஆனால் இதே துறைகளின் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் இதற்கு நேரெதிரான கொள்கை கோலோச்சுகிறது. வெளிச்சந்தையில் ஓர் ஏர் ஃபில்டரும் ஒரு சைலன்சரும் வாங்கப்படுகின்றன, பழைய ஏ.டி.வி. ஒன்றில் மாட்டப்படுகின்றன, 'எளிய மாற்றங்களின் வழி எஞ்சின் செயல்திறன் மேம்பாடு' என்ற தலைப்பு பொறிக்கப்படுகிறது, முடிவுரையில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது' என்ற வாக்கியம் இடம்பெறுகிறது. கண்டவர் யார், எதைக் கொண்டு கண்டார் என்ற வினாக்கள் வாய்மொழித் தேர்விலும் எழுவதில்லை. கடையில் பொருள் வாங்குவதற்கும் ஆய்வு செய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரு பல்கலைக்கழகத் துறையே மறந்துவிட்டதன் அறிகுறி இது.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் 'திறன்' என்ற ஒற்றைச் சொல் பெருஞ்சுமை சுமக்கிறது. பள்ளி இயற்பியலில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு திறன். உள்ளிட்ட ஆற்றலில் எவ்வளவு பயனாயிற்று என்னும் விகிதம் பயனுறுதிறன். ஒட்டுமொத்த நடத்தை செயல்திறன். குதிரையையும் அது விடவில்லை. இவை நான்கும் ஒன்றல்ல. திறன் கூடும்போது பயனுறுதிறன் குறையலாம். இரண்டும் மாறாதிருக்க, சரிவில் ஏறும் செயல்திறன் மட்டும் உயரலாம். எந்தத் திறன் என்று குறிப்பிடாமல் 'திறன் மேம்பட்டது' என்றெழுதும் அறிக்கை எதையும் சொல்லவில்லை.

'மேம்பாடு' இன்னும் வழுக்கலான சொல். தமிழில் ஒப்பீட்டுக்கென்று பெயரடையில் தனி விகுதி கிடையாது. 'இதைவிட', 'அதைக் காட்டிலும்' என ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லியே தீர வேண்டும். பழைய இலக்கணமும் ஒப்புப் பொருளையும் எல்லைப் பொருளையும் ஒரே ஐந்தாம் வேற்றுமையின் கீழ் வைத்தது. 'மேம்பட்ட எஞ்சின்' என்ற தொடரோ எதைவிட என்பதை விழுங்கிவிட்டு உயர்வை மட்டும் அறிவிக்கிறது. விளம்பரத்துக்கு அது வசதி; ஆய்வேட்டுக்கு அது குற்றம்.

இனி அந்தப் பாகங்களுக்கு வருவோம். எஞ்சின் எரிப்பது எரிபொருளை மட்டுமன்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஆகவே 'காற்று கூடினால் திறன் கூடும்' என்ற வாதம் தன்னளவில் பொய்யன்று. ஆனால் திராட்டில் பாதி திறந்திருக்கையில் காற்றைத் தடுத்து நிற்பது ஃபில்டர் அன்று, திராட்டில் தகடுதான். சேற்றிலும் பாறையிலும் ஊர்ந்து செல்லும் ஏ.டி.வி. தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாதித் திராட்டிலில்தான் கழிக்கிறது. முழுத் திறப்பிலும் அழுக்கடைந்த ஃபில்டருக்கும் சுத்தமான ஃபில்டருக்கும் இடையே தெரியும் வேறுபாடு, சுத்தமான பழைய ஃபில்டருக்கும் விலையுயர்ந்த புதியதற்கும் இடையே பெரும்பாலும் தெரிவதில்லை. காற்றைத் தாராளமாக விடும் வலை தூசியையும் தாராளமாக விட்டால், நுண்மணல் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். அந்தத் தேய்மானம் திட்ட அறிக்கை கட்டப்பட்டு அலமாரிக்குப் போன பிறகே தெரியவரும்.

சைலன்சரின் கதையும் இதுவே. புகைபோக்கியின் நீளமும் விட்டமும் குறிப்பிட்ட சுழற்சி வேகங்களில் அழுத்த அலைகளைத் துணையாக்கும். மற்ற வேகங்களில் அவற்றையே எதிரியாக்கும். தடையற்ற குழாய்கள் பொதுவாக உயர் சுழற்சியில் சிறிது கொடுத்து, தாழ் சுழற்சியில் எடுத்துக்கொள்ளும். ஏ.டி.வி.க்கு வேண்டிய முறுக்குவிசையோ தாழ் சுழற்சியில்தான் வேண்டும். கவர்னர் 3,800-இல் நிறுத்திவிடும் எஞ்சினுக்கு அதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம் ஏட்டுச் சுரைக்காய். ஓட்டுபவரின் காதில் ஏறும் ஓசை மட்டும் உறுதி. அந்த ஓசையே வேகமென்று உணரப்படுவதும் உறுதி. கருவியின்றிச் செய்யப்படும் ஒப்பீட்டில் காதே நடுவராகிறது.

கருவி இருந்தும் ஏமாறலாம். காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும். காலை 20 பாகை செல்சியசில் ஓர் ஓட்டம், பிற்பகல் 40 பாகையில் மற்றோர் ஓட்டம் என்றால் காற்றின் அடர்த்தி மட்டுமே ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்துவிடும். பிற்பகலில் பழைய ஃபில்டரையும் மறுநாள் காலையில் புதிய ஃபில்டரையும் சோதித்தவர் கண்டது சூரியனின் வேலையை. பாராட்டுப் பெற்றது ஃபில்டர். இதனாலேயே எஸ்.ஏ.இ. ஜே1349 போன்ற தர நெறிகள் 25 பாகை வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தம் என்ற பொது நிலைக்கு அளவீட்டைத் திருத்தச் சொல்கின்றன. வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்கப்படாத திறன் அளவை எவரும் மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இதன் பொருள் எஞ்சினைத் தொடவே கூடாது என்பதன்று. லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடு. எளிய கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறைவதால், காற்று 70 ஆகும்போது பெட்ரோல் 84 அளவில் நின்றுவிடும். கலவை ஏறத்தாழ 20 விழுக்காடு செறிந்து, பிளக்கில் கரி படிகிறது, இழுவை தளர்கிறது. அந்த இடத்தில் மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றுவது உண்மையான மேம்பாடு. அற்ப விலை, தெளிந்த காரணம், கணிக்கத்தக்க விளைவு. ஆனால் அதே சிறிய ஜெட்டுடன் வாகனம் சமவெளிக்கு இறங்கினால் கலவை மெலிந்து, எரிப்பறை சூடேறி, பிஸ்டனுக்கே ஆபத்து நேரும். மாற்றம் என்பது பொருள் அன்று, ஒரு சூழலுக்கான விடை. சூழல் மாறினால் விடையும் மாறும். இந்தப் பாடத்தை எந்தப் பாகத்தின் அட்டைப்பெட்டியும் கற்பிக்காது. வகுப்பறைதான் கற்பிக்க வேண்டும்.

இழப்பு பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே நிகழ்கிறது என்பதே பாஜா விதி உணர்த்தும் உண்மை. தோற்றத்துக்காக 25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 27 அங்குல டயர் மாட்டினால் தரையில் கிடைக்கும் இழுவிசை 7 விழுக்காட்டுக்கு மேல் குறையும். டயரின் கூடுதல் எடை தனி. அவ்வாறு இழந்ததை மீட்கச் சைலன்சர் வாங்குவது, ஓட்டைக் குடத்தை மாற்றாமல் இன்னொரு குடம் தண்ணீர் கேட்பது. சி.வி.டி. கிளட்சின் எடைகளையும் வில்லையும் எஞ்சினின் முறுக்குவிசைக்கேற்பப் பொருத்துவது, பெல்ட் வழுக்கலைக் குறைப்பது, சட்டத்தின் எடையைக் களைவது, டயர் காற்றழுத்தத்தைத் தரைக்கேற்ப அமைப்பது, வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது: இவை தலைப்புக்கு அழகு சேர்க்கா. வாகனத்தைச் சரிவில் ஏற்றுபவை இவையே.

'எங்கள் கல்லூரியில் டைனமோமீட்டர் இல்லை' என்பது வழக்கமான மறுப்பு. அது நியாயமான குறை. ஆயினும் அளக்காமைக்கு அது காரணமாகாது. உயரம் அளந்த ஒரு சரிவும், ஒரு ஸ்டாப்வாட்சும், ஓர் எடைமேடையும் போதும். ஓட்டுநரோடு 250 கிலோ எடையுள்ள வாகனம் 10 மீட்டர் உயரத்தை 6 நொடியில் ஏறுகிறது என்று கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக அது செலுத்திய திறன் சுமார் 4,100 வாட், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் குதிரைத்திறன். எஞ்சின் தருவதாகச் சொல்லப்படுவதோ பத்து. எஞ்சியது எங்கே போயிற்று? கிளட்சிலா, செயினிலா, டயரின் உருளல் தடையிலா? எஞ்சின் உச்சத் திறனை எட்டவே இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் அந்த நாளிலேயே பொறியாளன் ஆகத் தொடங்குகிறான். ஒரே சரிவு, ஒரே ஓட்டுநர், ஒரே வேளை. பழைய பாகம், புதிய பாகம், மீண்டும் பழைய பாகம் என ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஓட்டங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் ஏற்படும் இயல்பான வேறுபாட்டைவிடப் பாகத்தால் வந்த வேறுபாடு பெரிதா என்று பார்த்தால் போதும். செலவு சில லிட்டர் பெட்ரோல்.

மாணவர்களை மட்டும் பழிப்பது எளிது, நேர்மையன்று. நேர்மறை முடிவு இருந்தால்தான் மதிப்பெண் என்று அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லித்தந்தவர்கள் வழிகாட்டிகளே. 'புதிய சைலன்சரால் அளவிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை' என்று தரவோடு நிறுவும் அறிக்கை, அளவீடின்றி முன்னேற்றம் அறிவிக்கும் பத்து அறிக்கைகளைவிட மேலானது. அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுக்கும் துணிவு துறைகளுக்கு வேண்டும். அத்துணிவு இல்லாதவரை மாணவர் வீட்டுப் பணம் உதிரிப் பாகக் கடைக்கும், அவர்களது ஓராண்டு உழைப்பு வெற்று வாக்கியத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்.

வரும் பருவத்தில் திட்ட முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் 'மேம்பாடு' என்ற சொல் வரும் ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு விடைகளைக் கட்டாயமாக்கலாம்: எதைவிட, எந்த நிலையில், எவ்வளவு, எத்தனை முறை அளந்து? விடை எழுத முடியாத தலைப்பை அன்றே திருப்பி அனுப்பலாம். பாகம் வாங்கும் பணமாவது மிஞ்சும்.