கரையில் இறக்கிவிட்டுப் போனவர்கள்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இரவு நேரங்களில் மாடுகள் படுத்துக் கிடப்பதைக் கண்டித்தும், அவற்றை அவிழ்த்துவிடுவோருக்கு அபராதம் விதிக்கப்படும் என்று எச்சரித்தும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று இவ்வாரம் எங்கள் தெருக்களை ஓயாமல் சுற்றிவந்தது. மேய்க்கால் புறம்போக்குகள் இவ்வட்டாரத்தில் கரைந்துபோன கதையை நான் இப்பத்தியில் பலமுறை எழுதியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆலைகளின் மதில்கள் எழும்பிய பிறகு, ஈரமும் ஈயும் அண்டாமல் ஒரு பசு இரவைக் கழிப்பதற்கு மிஞ்சியிருக்கும் மேடு தார்ச்சாலை ஒன்றுதான் என்பதை அந்த அறிவிப்பில் ஒரு வரியேனும் சொல்லியிருந்தால் என் மனம் இத்தனை கசந்திராது.

இந்தக் கசப்பு ஆறுமுன்னரே, கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, அந்தமான் போய்வந்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டுவிட்ட ராஸ் தீவில், வேர்கள் கவ்விப் பிடித்த இடிசுவர் ஒன்றின் முன்னால், அவருடைய மகளின் உள்ளங்கையிலிருந்து புள்ளிமான் ஒன்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. "பாருங்க சார், வெள்ளைக்காரன் போனாலும் எவ்வளவு அழகானதை விட்டுட்டுப் போயிருக்கான்!" என்றார். அதைக் கேட்டபின் எனக்கு மாட்டு அபராதம் மறந்துபோயிற்று.

புள்ளிமான் அந்தமானுக்குச் சொந்தமான ஜீவன் அன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் பெருநிலத்திலிருந்து கொண்டுபோய் இறக்கிய அம்மிருகம், புலியோ சிறுத்தையோ செந்நாயோ இல்லாத அக்காடுகளில் தடையின்றிப் பெருகி, கடலையும் நீந்தித் தீவுக்குத் தீவு பரவிற்று. மான் மிகுந்த தீவுகளில் தரையோரச் செடிகள் அருகியதோடு, அவற்றினூடே வாழும் பல்லி, ஓணான் இனங்களும் வெகுவாகக் குறைந்திருப்பதை 2016-இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மான் எந்த ஓணானையும் தீண்டவில்லை; அது ஒளிந்து வாழும் தழையைத் தின்றது, அவ்வளவே.

இப்படி அந்நிய விலங்குகள் இறக்கிவிடப்பட்ட தீவுகளில் என்னை நெடுநாளாக வருத்திவருவது நார்கொண்டம். வட அந்தமானுக்குக் கிழக்கே, ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த விஸ்தீரணமுள்ள அந்த எரிமலைத் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத இருவாட்சி இனம் ஒன்று வாழ்கிறது. அதன் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு, சிறு பிளவின் வழியே சேவல் ஊட்டும் அத்திப்பழங்களை உண்டு குஞ்சு பொரிக்கும். ஆகையால் பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் இல்லையேல் அவ்வினத்துக்குச் சந்ததி இல்லை. 1960-களின் இறுதியில் அங்கே போலீஸ் முகாம் அமைந்தது. பின்னர் அங்கிருந்தோரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் காட்டுக்குள் புகுந்து பெருகின. ஆடு வளர்ந்த மரத்தை ஒன்றும் செய்வதில்லை; முளைத்து இரண்டு இலை விட்ட கன்றைக் கடித்துவிடுகிறது. எனவே படகிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் காடு அடர்த்தியாகவே தோன்றும்; உள்ளே சென்றால்தான், பேரப்பிள்ளைகள் இல்லாமல் கிழவர்கள் மட்டும் வாழும் வீட்டைப்போல, இளமரங்களே இல்லாத காடு அது என்பது விளங்கும். கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் இந்த அபாயத்தை வற்புறுத்தி எழுதினார். பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன. ஜீவகாருண்யத்தில் எனக்குள்ள பிடிப்புத் தளராமலே அச்செயலை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆட்டுக்கு வேறு ஆயிரம் ஊர்கள் உண்டு. அந்தப் பறவைக்கு இல்லை.

ஆயினும் இதே நியாயத்தை இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவின் குதிரைகளின்மேல் செலுத்த எனக்கு மனம் வரவில்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில், பவளக்கல் வேலிகளும் பனைகளும் நிறைந்த அந்தத் தமிழ்த் தீவில் திரியும் மட்டக்குதிரைகளின் முன்னோரைப் போர்த்துக்கீசர் கொண்டுவந்தனர் என்பது வழக்கு. ஒல்லாந்தர் அவற்றை இனம்பெருக்கி வளர்த்தனர். ஆங்கிலேயரும் ஆண்டு முடித்துக் கப்பலேறினர். குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. மனிதர் பல நூற்றாண்டுகளாக உழுதும் மேய்த்தும் வாழ்ந்துவரும் அம்மண்ணில், அவற்றால் அழிவை எதிர்நோக்கும் நார்கொண்டப் பறவை போன்ற உயிர் எதையும் நான் அறியேன். அழிவது குதிரைகளே, மழை பொய்த்த கோடைகளில் குளங்கள் வற்றி, தாகத்தால் மடிந்துபோகின்றன.

யாழ்ப்பாணத்தோடு உறவும் தொடர்பும் உள்ள வாசகர்கள் இப்பத்தியைப் படிப்பதுண்டு என்று கடிதங்களால் அறிகிறேன். கோடைக்கு முன்பே குளங்களைத் தூர்வாரவும், மேய்ச்சல் வெளிகளில் தண்ணீர்த் தொட்டிகளை அமைத்து நாள்தோறும் நிரப்பவும் நெடுந்தீவுப் பிரதேச சபைக்கு எழுதுமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.