துறைமுகத்துப் பாட்டு உலக மேடைக்கு ஆகாதா?

ஒவ்வொரு நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் ஒரேயொரு பாடலைத் தேர்ந்தனுப்ப, அவை தொலைக்காட்சி நேரலையில் போட்டியிடும் யூரோவிஷன் விழாவை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் நடத்திவருகிறது. 2015இல் ஆஸ்திரேலியாவுக்கும் இடமளித்த அவ்விழாவில் இந்தியா போட்டியிட்டதில்லை. அத்தகைய மேடைக்கு இந்தியப் பாடல் ஒன்று செல்லுமானால் அது செவ்வியல் இசையாகவோ திரையிசையாகவோதான் இருக்க வேண்டும் என்றும், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வட்டாரத்து உழைப்பாளர் குடியிருப்புகளில் சென்னைப் பேச்சுமொழியில் பாடப்படும் கானா அதற்கு ஆகாது என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. இதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களும் ஆய்ந்து பார்த்தால் நிலைக்கவில்லை.

முதலாவது, மொழி வெளியாருக்குப் புரியாது என்பது. தம் நாட்டு மொழியிலேயே பாட வேண்டும் என்ற யூரோவிஷன் விதி 1999இல் நீக்கப்பட்டு, பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்கு மாறிய பின்னரும், 2007இல் செர்பிய மொழிப் பாடலும், 2017இல் போர்த்துகீசியப் பாடலும், 2021இல் இத்தாலியப் பாடலும் முதலிடம் பெற்றன. 2022இல் உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா நாட்டுப்புறக் குழலிசையோடு, சொற்களைத் தாளத்துக்கு அடுக்கிச் சொல்லும் ராப் பாணியையும் கலந்து தாய்மொழியில் பாடி வென்றது; அவ்வெற்றிக்குப் போர்க்கால அனுதாபமும் துணைநின்றது எனலாம், ஆனால் முந்தைய மூன்று வெற்றிகளுக்கு அக்காரணம் பொருந்தாது.

இரண்டாவது, கானாவின் பிறப்பிடம் தாழ்ந்தது என்பது. துறைமுகச் சுமைக்கூலிகளும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் வாழ்ந்த தெருக்களில் அது வளர்ந்தது உண்மையே. உலகம் இன்று போற்றும் பல இசை வகைகளும் அவ்வாறே வளர்ந்தவை. லிஸ்பன் துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளின் ஃபாதோவை 2011இலும், 1922க்குப் பின் சின்ன ஆசியாவிலிருந்து வந்த அகதிகளால் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் செழித்து, 1930களின் பிற்பகுதியில் அரசின் தணிக்கைக்கு ஆளான ரெபெட்டிகோவை 2017இலும் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2013ஆம் ஆண்டு யூரோவிஷனுக்குக் கிரேக்கம் தன் பாடலை அனுப்பியபோது, முதிய ரெபெட்டிகோ பாடகர் அகாதோனாஸ் இளைஞர் குழுவொன்றோடு மேடையேறினார். அப்பாடல் ஆறாமிடம் பெற்றது.

மூன்றாவது, கானாவின் பாடுபொருள் சாவும் காதலும் மட்டுமே என்பது. சாவு வீட்டுப் பந்தலில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானாவில், இறந்தவரின் பெயர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், வாழ்ந்த தெரு ஆகியவற்றைப் பாடகர் அவ்விடத்திலேயே மெட்டுக்குள் பொருத்தி, சுற்றியிருப்போர் துயரத்துக்கேற்ப அடிகளை நீட்டியும் குறைத்தும் செல்கிறார்; இத்தகைய உடனடிப் புனைவாற்றலைப் பாடுபொருளின் வறுமை என்பது பொருந்தாது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு இடஒதுக்கீட்டையும் சாதியையும் கானாவில் பாடியது. அக்குழுவின் பாடகியும் ராயபுரத்தில் வளர்ந்தவருமான இசைவாணி, ஆண்களே பாடிவந்த இத்துறையில் பெயர்பெற்று, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். எண்ணூர்க் கழிமுகம் ஆக்கிரமிக்கப்படுவதைச் சொல்லி 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ கானா அன்று, கர்நாடக இசையில் அமைந்தது. ஆயினும் கபேர் வாசுகி அதனைச் சென்னைப் பேச்சுமொழியிலேயே எழுதினார் என்பது, இவ்வட்டார மொழி எத்தகைய பொருளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகிறது.

நான்காவது, வடிவம் ஒத்துவராது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. யூரோவிஷன் பாடல் 3 நிமிடத்தைத் தாண்டலாகாது, மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கலாகாது, முதன்மைக் குரல் நேரடியாக ஒலிக்க, கருவியிசை முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஆதலால் பாடுபவருக்கும் தாளம் அடிப்பவருக்கும் இடையே நிகழும் உடனடி உரையாடல் அங்கே குறைந்துபோகும். எனினும் இவ்விழப்பு ஃபாதோவுக்கும் ரெபெட்டிகோவுக்கும் பொதுவானது; கானாவோ 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய ‘வாள மீனுக்கும்’ போன்ற பல திரைப்பாடல்களில், ஒலிப்பதிவுக் கூடத்தின் கால அளவுக்குள் தன் துடிப்பை இழக்காமல் நின்று காட்டியுள்ளது.

யூரோவிஷன் இந்தியாவுக்கு எட்டாமல் இருக்கலாம்; ஆனால் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் சியோலில் தொடங்கிய தொலைக்காட்சிப் பாடல் விழா, பரிசுப் போட்டியாக இல்லாவிடினும், நாடுகள் தத்தம் பாடலை முன்வைக்கும் மேடையாகும். அத்தகைய மேடைக்குப் பாடல் தேர்ந்தெடுக்கும் பொறுப்புடையோர் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்து கானாக் கலைஞர்களைக் கேட்க வேண்டும். கேட்டபின் பாட்டின் தரத்தைக் கொண்டே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். கேளாமலே தள்ளுவதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றேனும் போதுமானதாக இல்லை.