கழுத்துக்கு ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி

பெங்களூரு என்றாலே பொட்டி தட்டுற ஊர் என்றுதான் சிவகாசியில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க நினைப்பு. "நீ எந்த சாப்ட்வேர் கம்பெனி?" என்று கேட்கிற பெரியப்பாவிடம், "நான் இரும்பு சீவுறவன் பெரியப்பா" என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். ஆனால் இந்த ஊரின் பழைய தொழிலே அதுதான். 1953ல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிக்கான் கம்பெனியோடு கைகோர்த்து எச்எம்டி தொடங்கியது. 1962ல் தும்கூர் ரோட்டில் சிஎம்டிஐ. அப்புறம் பீன்யா. நம்ம ஊர் ஐடிஐ பசங்க எத்தனை பேர் அந்த லேத்துகளில் கை பழகியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அதனால் இங்கே மைக்ரானைப் பற்றிப் பேசுவது ஒரு கௌரவம். "உன் ஃபிட் எவ்வளவு டைட்?" என்று டீக்கடையில்கூடக் கேட்பார்கள். கடந்த சில வருஷமாக இந்தப் பெருமை துப்பாக்கி பக்கமும் திரும்பியிருக்கிறது. ஸ்பிரிங் செய்து பேர் வாங்கிய ஒரு பெங்களூரு குழுமத்திலிருந்து வந்த எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ், வைப்பர், சேபர் என்று ஸ்னைப்பர் ரைஃபிள்களை இங்கேயே செய்கிறது. 2024ல் .338 ரைஃபிள்களை வெளிநாட்டுக்கே அனுப்பியதாகச் செய்தி வந்தது. சந்தோஷம். ஆனால் அந்தச் செய்தியை வைத்து நம்ம மெஷின் ஷாப் நண்பர்கள் பேசும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "சேம்பர் எவ்வளவு டைட்டோ, அவ்வளவு துல்லியம்."

இல்லை சாமி. குறிப்பாகக் கழுத்தில் இல்லவே இல்லை.

முதலில் கழுத்து எது என்று சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. கீழே அகலம், மேலே குறுகி ஒரு கழுத்து. அந்தக் கழுத்துதான் குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். தோட்டா போய் உட்காரும் அறைதான் சேம்பர். அதிலும் அதே வடிவத்தில் ஒரு கழுத்து. இந்த இரண்டு கழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் பஞ்சாயத்து.

வீட்டில் ஹாக்கின்ஸ் குக்கர் இருந்தால் மூடியைப் பாருங்கள். உள்ளேயிருந்து நீராவி தள்ளும்போதுதான் விளிம்போடு ஒட்டி அடைக்கும். நீராவி இறங்கினால் விட்டுவிடும். பித்தளைக் கூடும் அதே ஜாதி. சுடும்போது உப்பி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வாயு பின்னால் வராது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும், கூட்டை வெளியே இழுக்கலாம். வித்தியாசம் என்னவென்றால் குக்கரில் காற்றழுத்தத்தைப் போல ஒரு பங்குதான் கூடுதல். .308 தோட்டாவில் நாலாயிரம் மடங்கு!

கழுத்து உப்பினால்தான் குண்டின் மேலுள்ள பிடி விடும். உப்ப இடமே இல்லை என்றால்? பட்டாசு ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரையில் கொட்டிய மருந்து புஸ்ஸென்று போகும். அதே மருந்தைச் சணல் சுற்றி இறுக்கினால் அணுகுண்டு. ரைஃபிள் மருந்து இன்னும் மோசம். அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏறினால் மறுபடி அழுத்தம் ஏறும். குண்டு கிளம்பக் கொஞ்சம் தாமதித்தாலே கணக்கு கைமீறும். அந்த இடத்திலிருந்து சுடுகிறவனின் கன்னம் ஒரு சாண் தூரம்.

அப்படியானால் டைட் கழுத்து என்ற யோசனை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களிடமிருந்து. 1975ல் லூ பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் என்று இருவர் 6 மிமீ பிபிசி என்ற தோட்டாவை உருவாக்கினார்கள். பால்மிசானோ ரத்தக்குழாய் அறுவை செய்யும் டாக்டர் என்பது கூடுதல் சுவாரஸ்யம். இந்தத் தோட்டாவுக்குப் பெஞ்ச்ரெஸ்ட் உலகில் பழகிப்போன சேம்பர் கழுத்து 0.262 அங்குலம். குண்டு வைத்த பித்தளைக் கழுத்து 0.261க்குப் பக்கத்தில். மொத்த இடைவெளி ஒன்று, ஒன்றரை தௌ. (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ, அதாவது 25 மைக்ரான். தலைமுடியே சுமார் மூன்று தௌ.)

ஆனால் அவர்கள் அதற்கு என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் சின்ன கட்டர் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டு வருவார்கள். சில டஜன் கூடுகள்தான். அதையே போட்டி நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுவார்கள். துடைத்து, அளந்து, குழந்தை மாதிரி வைத்திருப்பார்கள். அந்தச் சேம்பருக்குள் அந்த ஆளின் கூடு தவிர வேறெதுவும் போகப் போவதில்லை. அவருக்கு அது சரிதான்.

கடையில் வாங்கும் .308 ரைஃபிளுக்கு வாருங்கள். குண்டு 0.308, பித்தளைச் சுவர் பக்கத்துக்குப் பதினாலு தௌ என்று வைத்தால் கழுத்து 0.336. சேம்பர் கழுத்தோ 0.344 பக்கம். எட்டு தௌ இடைவெளி! மைக்ரான் பேசும் நம்ம ஆளுக்கு இது ஆபாசமாகத் தெரியும். ஆனால் அது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு. கூட்டின் சுவர் ஒரு கம்பெனியில் பதிமூன்று தௌ, இன்னொன்றில் பதினைந்து. இரண்டு பக்கமும் சேர்த்தால் அங்கேயே நாலு தௌ போச்சு. 0.337 கழுத்து வெட்டிய சேம்பரில் முதல் வகை ஜாலியாக வேலை செய்யும், இரண்டாவது வகையில் 0.338. உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் பிழைத்தோம். போல்ட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடிவிட்டால்தான் ஆபத்து.

இப்போது நம் நாட்டை யோசியுங்கள். தோட்டா ஒரே இடத்திலிருந்தா வருகிறது? மகாராஷ்டிராவில் வரன்காவ் தொழிற்சாலை இருக்கிறது, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ். 2024 பிப்ரவரியில் கான்பூரில் அதானியின் தோட்டா ஆலை திறந்தது. இறக்குமதி வேறு. அல்சூர் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும். ராணுவம் முழுக்க "தம்பி" என்று கூப்பிடும் நம்ம பசங்க. எல்லையில் ஒரு தம்பி கையில் கிடைக்கிற பெட்டியைப் பிரித்து லோடு செய்வான், மைக்ரோமீட்டர் வைத்துக் கழுத்தை அளந்துகொண்டிருக்க மாட்டான்.

சியாச்சின் குளிரும் ராஜஸ்தான் வெயிலும் இடைவெளியை மாற்றாதா என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தேன். மைனஸ் 30லிருந்து 50 டிகிரி வரை 80 டிகிரி வித்தியாசம். பித்தளை இரும்பைவிட அதிகம் விரியும்தான், ஆனால் 8.6 மிமீ கழுத்தில் அந்த வித்தியாசம் வெறும் 5 மைக்ரான். தள்ளுங்கள். நிஜ எதிரி தூசி. மெல்லிய மணல் துகளே 60 மைக்ரானுக்கு மேல். மொத்தம் இரண்டு தௌ என்றால் பக்கத்துக்கு 25 மைக்ரான்தான், ஒரு மணலுக்கு இடமில்லை. எட்டு தௌ என்றால் பக்கத்துக்கு 100. மணல் இருந்தாலும் கழுத்து உப்பும், குண்டு போகும்.

துல்லியம் குறையாதா? ஓரளவு குறையலாம், பெஞ்ச்ரெஸ்ட்காரன் அளக்கும் அளவில். மற்றவர்களுக்கு நல்ல பேரல், நல்ல குண்டு, சேம்பரும் பேரலும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, இவை மூன்றும்தான் பெரிய காசு. உண்மையான பீன்யா திறமையைக் காட்ட வேண்டிய இடம் அந்த நேர்கோடு.

அகலக் கழுத்துக்கு ஒரு நஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. கூடு அதிகம் உப்பும், மறுபடி நிரப்பும்போது அதிகம் நசுக்க வேண்டும், பித்தளை சீக்கிரம் இறுகி விரிசல் விடும். ஒரே தடவை சுட்டு எறிகிற ராணுவத்துக்கு இது பிரச்சினையே இல்லை. இங்கே நமக்கும் இல்லை. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5ன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது, எனவே யாரும் வீட்டு மாடியில் முயற்சி செய்ய வேண்டாம். டெக்சாஸ், ஆஸ்திரேலியா பக்கம் சட்டப்படி கையால் நிரப்பும் நம்ம ஆட்களுக்குத்தான் கேள்வி. அவர்களுக்கு என் அபிப்பிராயம்: கழுத்தைச் சீவும் பொறுமை இல்லையென்றால், நீங்கள் எப்போதாவது வாங்கப்போகிற கூடுகளிலேயே தடிமனானதில் குண்டை வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கு மேல் மூன்று நான்கு தௌ விட்டு ரீமர் ஆர்டர் செய்யுங்கள். காலிக் கூட்டை அளந்து கணக்கு போடாதீர்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்பக்கம் வளையம் மாதிரி தடித்துக்கொள்ளும், அங்கேயும் ஒருமுறை அளக்கவும். இரண்டு தௌவுக்குக் கீழே போகச் சொல்லும் நண்பர் இருந்தால், அவர் கழுத்து சீவுகிறாரா என்று கேளுங்கள்.

பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் பேரலில் கழுத்து அளவு பொறித்திருக்கிறதா என்று பார்க்கவும், போட்டி ரைஃபிள்களில் பெரும்பாலும் இருக்கும். பொறிப்பு இல்லையென்றால் சேம்பரை அச்செடுத்து அளந்த பிறகே முதல் தோட்டா. சுட்ட பிறகு ஒரு சுலபச் சோதனை உண்டு. சுட்ட கூட்டை எதுவும் செய்யாமல் அப்படியே எடுத்து, புதுக் குண்டு ஒன்றை அதன் வாயில் வையுங்கள். தானாக உள்ளே இறங்கினால் இடம் இருக்கிறது. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கழுத்தை அளந்து பார்க்கவும்.