ஈயக்கல்லுக்கு ஓர் அலமாரி

ஜெர்மனியின் ஃப்ரைபெர்க், வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். எரிகா போல்-ஸ்ட்ரோஹர் என்ற பெண்மணி ஆசை ஆசையாகச் சேர்த்த கனிமங்களில் சுமார் 3,500 துண்டுகள் 2008 முதல் அங்குள்ள கோட்டையில் காட்சிக்கு இருக்கின்றன.

மலேசியாவின் பினாங்கோ, பேராக் மாநிலக் கிந்தாவின் ஈயத்தாதுவை டத்தோ கெராமட் உலையில் உருக்கிக் கப்பலேற்றிய தீவு. காசு பார்த்தாயிற்று, கல்லைத்தான் பார்க்கவில்லை. அந்த ஈயத்தாதுவான காசிட்டரைட்டின் கருமையாக மினுங்கும் படிகம் ஐரோப்பியச் சேகரிப்பாளருக்குப் பொக்கிஷம். பேராக்கில் கண்டறியப்பட்ட மலாயைட், புற ஊதா ஒளியில் மஞ்சள்-பச்சையாய் ஒளிரும். மலாயாவின் பெயரையே சுமக்கும் கனிமம் அது. எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

ஈப்போவில் புவியியல் அருங்காட்சியகம் உண்டு. பினாங்கின் ஜார்ஜ்டவுன் பள்ளிகளும் பள்ளிக்கொரு கனிம அலமாரியாவது வைக்கலாம், கருங்கல்லில் தொடங்கி. பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலை மட்டும் தொட வேண்டாம்: அதிலுள்ள மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது.