135-வது ஆள்

ருஷியாவின் சைபீரியப் பகுதியில் நோவோகுஸ்நெட்ஸ்க் என்று ஒரு நகரம் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்கு ஆலைகளும் நிறைந்த ஊர். அங்கே 1997-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ஒரு பையன் பிறந்தான். பெயர் கிரில் காப்ரிசோவ். அவன் கற்றுக்கொண்ட விளையாட்டு பனித்தரை ஹாக்கி.

இது புல்தரையில் பந்தை அடித்து ஆடும் ஹாக்கி அல்ல. உறைந்த பனிக்கட்டிதான் ஆடுகளம். காலில் இரும்புத் தகடு பொருத்திய சறுக்கு பூட்சு. பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வில்லை. பக்கத்துக்கு 6 பேர். காற்றாகப் பறக்கிற வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதும் ஆட்டத்தில் சேர்த்தி.

இந்த ஆட்டத்தில் உலகிலேயே பணமும் புகழும் அதிகம் உள்ள போட்டி, அமெரிக்க, கனடா நாட்டுக் கழகங்கள் சேர்ந்து ஆடும் என்.எச்.எல். ருஷியாவின் பெரிய போட்டிக்கு கே.எச்.எல். என்று பெயர்.

என்.எச்.எல். கழகங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, பல நாடுகளில் உள்ள இளம் ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதற்கு டிராப்ட் என்று பெயர். ஏலம் அல்ல. யாரும் விலை கூவுவதில்லை. தங்கள் முறை வரும்போது ஒவ்வொரு கழகமும் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பையன் என்.எச்.எல்.லில் ஆட விரும்பினால், பெயர் சொன்ன கழகத்தோடுதான் பேச வேண்டும். அவனுக்கு வேறு கழகத்தில் ஆசை இருக்கலாம். அதைக் கேட்பார் இல்லை.

2015 ஜூன் மாதம் புளோரிடா மாகாணத்தில் உள்ள சன்ரைஸ் நகரில் டிராப்ட் நடந்தது. மொத்தம் 211 பெயர்கள். காப்ரிசோவின் பெயர் வந்தபோது 5-வது சுற்று நடந்துகொண்டிருந்தது. 134 பேரைப் பொறுக்கி எடுத்தாகிவிட்டது. 135-வது ஆளாக அவரை எடுத்தது மின்னசோட்டா வைல்டு கழகம்.

ஏன் இந்தத் தயக்கம்?

அப்போது அவருக்கு 18 வயது. உயரம் 6 அடியை எட்டாது. சொந்த ஊர்க் கழகமான மெட்டலர்கில் அந்தப் பருவத்தில் 31 ஆட்டம் ஆடி 4 கோல் போட்டிருந்தார். கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த 31 ஆட்டமும் ஆள் முழுக்க வளர்ந்த தொழில்முறை வீரர்களுக்கு எதிரே ஆடியவை. கல்லூரி வயதுப் பையன் ஆலைத் தொழிலாளியோடு சமமாகப் பளு தூக்கியது போல!

இன்னொரு காரணமும் உண்டு. ருஷியப் பையன் என்றாலே அமெரிக்கக் கழகங்கள் கொஞ்சம் யோசிக்கும். என்.எச்.எல்.லுக்கும் ருஷியாவுக்கும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் கிடையாது. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளிலிருந்து ஒரு பையன் போனால், அவனை வளர்த்தவர்களுக்கு ஒரு தொகை வரும். ருஷியர்களோ, அந்தத் தொகை போதாது என்று சொல்லி 2005-ல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அதனால் ருஷியக் கழகத்தோடு செய்த ஒப்பந்தம் முடிகிற வரையில் பையன் வர மாட்டான். அந்தக் கழகமாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. எப்போது வருவான்? வருவானா, மாட்டானா? இந்தக் கேள்விதான் பல கழகங்களின் வாயை அடைத்துவிடுகிறது.

ஐந்து ஆண்டுகள்

டிராப்டில் பெயர் வந்த மறுநாளே விமானம் ஏறவில்லை காப்ரிசோவ். ஊருக்குத் திரும்பினார். 2015-16 பருவத்தில் மெட்டலர்குக்காக 11 கோல். பிறகு உபா நகரின் சலாவாட் யுலாயேவ் கழகம். அங்கே 49 ஆட்டத்தில் 20 கோல் போட்டார். 22 கோல்களுக்குத் துணை செய்தார். இந்த ஆட்டத்தில் கோலுக்கு ஒரு புள்ளி. கோல் போட வில்லையைக் கடத்திக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. ஆக 42 புள்ளிகள். வயது 19.

அதே பருவத்தில், 2017 ஜனவரியில் முடிந்த உலக ஜூனியர் போட்டியில் 9 கோல் போட்டார். அந்தப் போட்டியில் வேறு யாரும் அத்தனை போடவில்லை. போட்டி நடந்த இடம் கனடா. மின்னசோட்டா ரசிகர்களுக்கு அது பக்கத்து வீட்டில் விருந்து நடப்பது போல. "இந்தப் பையன் நம் பையன் அல்லவா? எப்போது வருவான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர் வரவில்லை. மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கழகத்துக்குப் போனார். பழைய சோவியத் ராணுவ அணி அது. ஒப்பந்தம் 2020 வரை.

இதை ரசிகர்கள் சிலர் ஏமாற்றமாக நினைத்தார்கள். அவர் யாரை ஏமாற்றினார்? டிராப்டில் பெயரைச் சொன்னது மின்னசோட்டா. வாக்குக் கொடுத்தவர் அவர் அல்லவே. அவர் கையெழுத்துப் போட்ட இடம் மாஸ்கோ. போட்ட கையெழுத்துக்கு மூன்று பருவம் உழைத்தார்.

2018 பிப்ரவரி 25. தென்கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் கடைசி நாள். ஊக்க மருந்து விவகாரத்தால் ருஷியாவுக்குத் தண்டனை. வீரர்கள் ஆடலாம், ருஷியக் கொடி கூடாது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஜெர்மனி. யாரும் எதிர்பாராத அணி. அது 3-க்கு 2 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய 56 விநாடி இருக்கும்போது குசேவ் என்ற ருஷிய வீரர் கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஜெர்மானியர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருந்த நேரம். குசேவ் வில்லையைக் கடத்தினார். காப்ரிசோவ் அடித்தார். கோல்! தங்கப் பதக்கம்! 20 வயது வாலிபர் தரையோடு தரையாகச் சறுக்கி விழ, அணி முழுவதும் அவர்மேல் போய் விழுந்தது.

அதன்பின் 2019-ல் சி.எஸ்.கே.ஏ. தன் முதல் ககாரின் கோப்பையை வாங்கியது. 2019-20 பருவத்தில் அவர் 33 கோல் போட்டு கே.எச்.எல்.லிலேயே முதலாவதாக நின்றார்.

மின்னசோட்டாவில் இதற்குள் என்ன நடந்தது? கழகத்தின் பொது மானேஜர் இரண்டு தடவை மாறிவிட்டார். பிளெச்சர் போனார், பென்டன் வந்தார். பென்டன் போனார், கெரின் வந்தார். 135-வது ஆளின் உரிமையை மட்டும் மூவரில் யாரும் விடவில்லை. அவசரப்பட்டு வேறு கழகத்துக்குத் தள்ளியும் விடவில்லை. பாராட்ட வேண்டிய பொறுமை.

முதல் நாள்

2020 ஜூலையில் கையெழுத்து. கொரோனா காலம். 2021 ஜனவரி 14-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் ஆட்டம். இரண்டு கோல்களுக்குத் துணை செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலையும் அவரே போட்டார். 55 ஆட்டத்தில் 27 கோலோடு அந்தப் பருவத்தை முடித்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் பரிசு கிடைத்தது. மின்னசோட்டா வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

(1990-ல் இந்தப் பரிசை வாங்கிய மகாரோவ் என்ற ருஷியருக்கு வயது 31. 31 வயதில் புதுமுகமா என்று கேலி எழுந்து, 26 வயதுக்கு உட்பட்டவருக்கே பரிசு என்று பிறகு விதி போட்டார்கள்!)

அடுத்த பருவத்தில் 47 கோல், 108 புள்ளி. அந்தக் கழகத்தின் சரித்திரத்தில் இல்லாத கணக்கு. 2025 செப்டம்பர் 30-ந் தேதி புதிய ஒப்பந்தம் போட்டார்கள். 2026-27 பருவம் தொடங்கி 8 ஆண்டுக்கு 13 கோடியே 60 லட்சம் டாலர். அதுவரை என்.எச்.எல்.லில் எவருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்டதில்லை.

காத்திருப்பது மட்டும் போதுமா?

போதாது. செலியாபின்ஸ்க் நகரத்து நிசுஷ்கினைப் பாருங்கள். 2013 டிராப்டில் 10-வது ஆள். 18 வயதிலேயே டல்லாஸ் கழகத்துக்குப் போனார். முதல் பருவத்தில் 14 கோல். அடுத்த பருவத்தில் இடுப்பில் காயம். 2016-ல் மாஸ்கோவுக்குத் திரும்பினார். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி டல்லாஸ். 57 ஆட்டம் ஆடினார். கோல் எத்தனை? ஒன்றுகூட இல்லை! கழகம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டது. கொலராடோ கழகம் இடம் கொடுத்தது. அங்கே ஆட்டம் திரும்பியது. 2022-ல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

மிச்கோவ் கதை வேறு. 2023-ல் பிலடெல்பியா எடுத்த 7-வது ஆள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் பெரிய கழகத்தோடு 2026 வரை ஒப்பந்தம். அங்கே நட்சத்திரங்கள் கூட்டம். பையனுக்கு இடம் இல்லை. சோச்சி என்ற பலமில்லாத அணிக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே 47 ஆட்டத்தில் 41 புள்ளி எடுத்தார். 2024-ல் கழகம் முன்கூட்டியே விடுவித்தது. அமெரிக்காவில் முதல் பருவத்திலேயே 26 கோல்.

ஆகவே, எத்தனை ஆண்டு காத்திருந்தான் என்பதல்ல விஷயம். காத்திருந்த காலத்தில் களத்தில் நின்றானா, பெஞ்சில் உட்கார்ந்தானா? பெரிய கழகத்தின் பெஞ்சைவிடச் சிறிய கழகத்தின் களம் பையனுக்கு நல்லது. காப்ரிசோவுக்கு 17 வயதில் களம் கிடைத்ததற்குக் காரணமே மெட்டலர்க் பலமில்லாத கழகமாக இருந்ததுதான்.

அந்தக் கழகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். பொப்ரோவ்ஸ்கி என்ற கோல் காவலர் அங்கே ஆடி வளர்ந்தவர். டிராப்டில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவே இல்லை. பிறகு அமெரிக்கா போய், என்.எச்.எல்.லின் சிறந்த கோல் காவலர் என்ற பரிசை 2013, 2017 ஆகிய இரு ஆண்டுகளில் பெற்றார். 2024, 2025-ல் புளோரிடா அணியோடு ஸ்டான்லி கோப்பை. 2018-ல் வாஷிங்டன் அணியோடு அதே கோப்பையை வாங்கிய ஓர்லோவும் அந்தக் கழகத்துப் பையன்தான். காப்ரிசோவோடு சேர்த்து மூன்று பேர்.

இவர்கள் அமெரிக்காவில் சம்பாதிக்கும் கோடிகளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். உழைத்தார்கள், வாங்குகிறார்கள். ஆனால் பையன் கையில் முதன்முதலில் மட்டையைக் கொடுத்தவர்களுக்கு, ஒப்பந்தம் இல்லாத காரணத்தால், என்.எச்.எல். ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. இது நியாயமா? தொகை போதாது என்று பேச்சை முறித்த ருஷிய நிர்வாகிகளுக்கும் இதில் பாதிப் பொறுப்பு உண்டு. குறைந்த பணம் வந்திருந்தாலும் சிறிய ஊர்க் கழகங்களுக்கு அது பெரிய பணம்.

2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டதும் ருஷிய அணிகளைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். காப்ரிசோவ் 9 கோல் போட்ட ஜூனியர் மேடை அவருக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு இல்லாமல் போயிற்று. இரு நாட்டு நிர்வாகிகளும் உட்கார்ந்து பேசுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். வளர்த்த கழகத்துக்குத் தொகை, பையனுக்குப் போகிற தேதி. இரண்டையும் எழுத்தில் போட வேண்டும்.

2017-ம் ஆண்டு கே.எச்.எல். நிர்வாகம் மெட்டலர்க் கழகத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. கழகம் அடுத்த படிப் போட்டிக்கு இறங்கியது. காப்ரிசோவ் மாஸ்கோவில் ஒப்பந்தம் செய்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகு நோவோகுஸ்நெட்ஸ்க் நகரில் 17 வயதை எட்டிய பையன்களுக்கு, சொந்த ஊரிலேயே பெரிய வீரர்களோடு மோதிப் பழக ஒரு கே.எச்.எல். களம் இருக்கவில்லை.